சிப்புக்குள்ளே ஆறு வித்தியாசம்!

எல்லா ஹாஸ்டல்லயும் ஒரு சீனியர் இருப்பார். கையில் பென் டிரைவ், வாயில் 'லினக்ஸ் போட்டுப் பாருடா, லைஃபே மாறிடும்' என்கிற மந்திரம். நீங்களும் ஆசையா போட்டிருப்பீங்க. இன்ஸ்டால் முடிஞ்சு, ரீ-ஸ்டார்ட் ஆகி... கறுப்புத் திரை! ஓரத்தில் ஒரு கர்சர் மட்டும் 'என்ன தம்பி, சௌக்கியமா?' என்று கண் சிமிட்டும். இல்லைன்னா திரை வரும், ஆனா எழுத்தெல்லாம் ரப்பரை இழுத்து விட்ட மாதிரி இருக்கும். அதுவும் இல்லைன்னா எல்லாம் சரியா இருக்கும். ஒரே ஒரு வீடியோ ஓட்டினா போதும், ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்த ஆரம்பிச்சுடும்.

'இதுக்குத்தான் நமக்கு விண்டோஸே போதும்னேன்' என்று பக்கத்து ரூம் பார்ட்டி நக்கலடிக்கும். தப்பு லினக்ஸ் மேலயா? லேப்டாப் மேலயா? பல நேரங்களில் ரெண்டு பேர் மேலயும் இல்லை பாஸ்! நடுவுல ஒருத்தர் இருக்கார். பேரு கிராஃபிக்ஸ் டிரைவர். அவர் யாரு, யார் வீட்டுப் பிள்ளை, யார் சொன்னா கேட்பார்... இதைத் தெரிஞ்சுக்கிட்டா உங்க லேப்டாப்போட ஆயுள் ரேகையையே படிச்சிடலாம்!

மேடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

டெல்லியிலிருந்து ஒரு தலைவர் வந்து நம்ம ஊர் மேடையில் பேசுறார்னு வெச்சுக்குங்க. அவருக்குத் தமிழ் தெரியாது. கூட்டத்துக்கு அவர் பாஷை தெரியாது. பக்கத்தில் ஒருத்தர் மைக்கோடு நிற்பார். அவர் சரியாச் சொன்னா கைதட்டல் பறக்கும். அவர் சொதப்பினா, தலைவர் என்னதான் அருமையாப் பேசியிருந்தாலும் கூட்டம் சுண்டல் வாங்கப் போயிடும்.

டிரைவர் செய்வது அதே வேலை. லினக்ஸ் ஒரு பாஷை பேசும். கிராஃபிக்ஸ் சிப் இன்னொரு பாஷை பேசும். 'இந்த இடத்தில் ஒரு முக்கோணம் வரை, சிவப்பு அடி' என்று ஒரு புரோகிராம் சொன்னால், அதை அந்தச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது டிரைவர். நீங்க விளையாடுற கேமில் ஓடுகிற கார், இடிகிற சுவர், பறக்கிற தூசி... பெரும்பாலும் இந்த முக்கோணங்களின் கூட்டணிதான்.

லினக்ஸில் இந்த மொழிபெயர்ப்பாளர் ரெட்டைப் பிறவி. ஒரு பாதி லினக்ஸின் இதயமான கெர்னலுக்குள் உட்கார்ந்து மெமரியைப் பங்கு போடுவது, திரையை எழுப்புவது, யாருக்கு எப்போ சிப்பைத் தருவது போன்ற வார்டன் வேலைகளைப் பார்க்கும். இன்னொரு பாதி வெளியே நின்று, கேம் தரும் கட்டளைகளைச் சிப்பின் பாஷைக்கு மாற்றும். இந்த வெளிப்பாதியைத் திறந்த நிலையில் தருகிற பெரிய கிடங்குக்குப் பெயர் மெசா. இந்த இரண்டு பாதியும் நல்லா இருந்தால்தான் கைதட்டல்.

சரி, இந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்தப் பாஷையைக் கற்றுத் தருவது யார்? சிப்பைச் செய்த கம்பெனிக்குத்தான் அது தெரியும். எந்த எண்ணை எங்கே எழுதினால் என்ன நடக்கும் என்கிற 'நோட்ஸ்' அவங்க பீரோவில் இருக்கும். அந்த பீரோ சாவியைச் சுற்றித்தான் முப்பது வருஷமா ஒரு கதை நடக்குது!

பீரோவுக்கு ஏன் பூட்டு?

'நோட்ஸைக் கொடுத்துட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?' என்று கேட்கத் தோணும். கம்பெனிகளிடம் காரணங்கள் இருக்கு. போட்டிக் கம்பெனி நம்ம சிப்பின் உள்கட்டமைப்பைப் படிச்சிடும் என்கிற பயம் ஒண்ணு. டிரைவருக்குள்ளே வெளியாளிடம் லைசென்ஸ் வாங்கிப் போட்ட கோடு இருக்கும், அதை வெளியிட உரிமை இருக்காது என்பது இன்னொண்ணு. பேட்டன்ட் கேஸ் வருமோ என்கிற நடுக்கம் வேற.

இதில் இரண்டாவது காரணத்துக்கு ஒரு சோக உதாரணம் இன்டெல். தன் கிராஃபிக்ஸ் சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் தருவதில் நல்ல பேர் எடுத்த கம்பெனி அது. ஆனால், 2008-ல் சின்ன நெட்புக்குகளுக்காக விட்ட 'ஜி.எம்.ஏ. 500' என்கிற கிராஃபிக்ஸ், இன்டெல்லின் சொந்தச் சரக்கு இல்லை. பவர்வி.ஆர். என்கிற வெளி டிசைனை லைசென்ஸ் எடுத்துப் போட்டது. விளைவு, 'இன்டெல்தானே, லினக்ஸ்ல ஜம்முனு ஓடும்' என்று நம்பி வாங்கினவங்களுக்கு நாமம்! 2011-ல்தான், அடிப்படை வேலைகளையாவது செய்யும் ஒரு திறந்த டிரைவர் கெர்னலுக்குள் வந்தது. அதுவும் 3டி இல்லாமல்.

ஆக, காரணம் எதுவாக இருந்தாலும் கஷ்டம் ஒண்ணுதான். பணம் கொடுத்து வாங்கினது நீங்க. அது எப்படி வேலை செய்யும்னு தெரிஞ்சது வேற ஒருத்தருக்கு.

பார்ட் டைமில் பிறந்த மெசா

முதல் ஹீரோ பிரையன் பால். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அப்போ 3டி கிராஃபிக்ஸ்னா சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனிதான் ராஜா. 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களை உருவாக்க உதவியது இவங்க கம்ப்யூட்டர்கள்தான். 3டி வரைவதற்கான கட்டளைத் தொகுப்பு ஒன்றையும் அவங்க 1992-ல் வெளியிட்டாங்க. அதுதான் ஓப்பன்ஜிஎல். ஆனா அந்த மெஷின்களின் விலையைக் கேட்டா தலை சுத்தும்!

1993 ஆகஸ்ட்டில் பிரையன் பால் உட்கார்ந்தார். அதே கட்டளைகளைச் சாதாரண கம்ப்யூட்டரும் புரிஞ்சுக்கிற மாதிரி, ஓய்வு நேரத்தில் தானே எழுத ஆரம்பிச்சார். ஒன்றரை வருஷம்! வெளியிடுவதற்கு முன்னால் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியிடமே முறைப்படி கேட்டார். அவங்களும் பெரிய மனசு பண்ணி 'தாராளமா' என்றார்கள். 1995 பிப்ரவரியில் மெசா வெளியே வந்தது. சிப்பே இல்லாமல், பிராசஸரை வைத்தே முக்கி முனகிப் படம் வரைந்த குழந்தை அது. இன்றைக்கு லினக்ஸில் ஓடும் திறந்த 3டி டிரைவர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த மெசா வீட்டுப் பிள்ளைகள்தான்.

'நூவோ' போட்ட புள்ளி

இப்போ விஷயத்துக்கு வருவோம். நோட்ஸ் தராத கம்பெனியின் சிப்புக்கு டிரைவர் எழுத முடியுமா?

2000-களின் நடுவில் என்விடியா இரண்டு டிரைவர்கள் வெச்சிருந்தது. ஒண்ணு, முழு வேகத்தில் ஓடும், ஆனா உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாத மூடிய டிரைவர். இன்னொண்ணு 'என்வி' என்கிற திறந்த டிரைவர். திறந்ததுன்னு பேர்தான். 2டி மட்டும் செய்யும். அதன் கோடு முழுக்க அர்த்தம் சொல்லாத வெறும் எண்கள். அகராதி கேட்டவனுக்கு டெலிபோன் டைரக்டரியைக் கொடுத்த மாதிரி!

ஸ்டெஃபான் மார்ஷெசான் என்கிற பிரெஞ்சுக்காரர் இதைச் சரி பண்ணக் கிளம்பினார். அவர் சாட்டில் ஆங்கிலத்தில் 'என்வி' என்று இரண்டு எழுத்து அடிச்சதும், அவருடைய சாஃப்ட்வேர் தானாகவே அதை 'நூவோ' என்கிற பிரெஞ்சுச் சொல்லாக மாற்றக் காட்டியது. அர்த்தம், 'புதுசு'. அட, இதைவிடப் பொருத்தமா பேர் கிடைக்குமா? 2006-ல் 'நூவோ' திட்டம் உலகத்துக்கு அறிமுகமானது.

அவங்க கையாண்ட டெக்னிக் என்ன தெரியுமா? நம்ம வாரப் பத்திரிகைகளில் சின்ன வயசிலேருந்து நீங்க பார்க்கிற 'ஆறு வித்தியாசங்கள்' விளையாட்டுதான்!

கம்பெனியின் மூடிய டிரைவரை ஓட விடு. ஒரு சிவப்பு முக்கோணம் வரையச் சொல். அது சிப்புக்கு அனுப்புகிற எண்களை எல்லாம் பிரதி எடு. அடுத்து, அதே முக்கோணத்தை நீலத்தில் வரையச் சொல். மறுபடி பிரதி எடு. இரண்டையும் பக்கத்தில் வெச்சுப் பார். எந்த எண் மாறியிருக்கோ, அதுதான் கலர்! முக்கோணத்தைக் கொஞ்சம் தள்ளி வரை. இப்போ மாறுவது இடம். இப்படியே ஒவ்வொரு வித்தியாசமாகப் பிடித்துப் பிடித்து, ஆயிரக்கணக்கான எண்களுக்கு அர்த்தம் எழுதினால் உங்க கையாலேயே நோட்ஸ் ரெடி.

கவனிங்க... இதில் திருட்டு எதுவும் இல்லை. யாரோ லீக் பண்ணின கம்பெனி சோர்ஸ் கோடைப் பார்த்து எழுதினால் அது காப்பி. கோர்ட்டு, கேஸுன்னு மொத்தத் திட்டமும் காலி. அதனால் இந்தக் கூட்டம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. வெளியே நின்று பார்த்து, அதன் நடத்தையை வைத்தே புரிந்துகொள்வதுதான் ரூல். மெஸ் மாஸ்டரின் டைரியைத் திருடாமல், ருசி பார்த்தே சாம்பார் பொடிக்கு அளவு கண்டுபிடிக்கிற வேலை!

2010 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.33 கெர்னலில் 'நூவோ' இடம் பிடித்தது. அதே வருஷம் என்விடியா தன் பழைய 'என்வி' டிரைவருக்கு மூடுவிழா நடத்தியது.

கதவைத் திறந்த கம்பெனி

இந்தப் பக்கம் பூட்டு தொங்க, அந்தப் பக்கம் ஒரு ஆச்சரியம் நடந்தது. 2006-ல் ஏ.டி.ஐ. கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கியது. ஏ.டி.ஐ.யின் ரேடியான் கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் என்றாலே அந்தக் காலத்தில் தலைவலி மாத்திரை விளம்பரம்தான். 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. ஒரு அறிவிப்பு விட்டது. 'நோட்ஸை நாங்களே வெளியிடுறோம். ரகசிய ஒப்பந்தம் எதுவும் போட வேண்டாம். எடுத்துக்கங்க' என்பதுதான் அதன் சாரம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன.

அதன் அருமை இரண்டே வருஷத்தில் தெரிந்தது. 2009-ல் ஏ.எம்.டி. தன் மூடிய டிரைவரில் பழைய கார்டுகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அந்தப் பட்டியலில் 2002-ல் வந்த ரேடியான் 9700 மட்டுமில்லை, 2006-ல் வந்த எக்ஸ்1950 கார்டும் இருந்தது. வாங்கி மூணு வருஷம்கூட ஆகாத கார்டு!

மூடிய உலகமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஆனால், திறந்த டிரைவர் இருந்ததே! அது அந்தக் கார்டுகளைக் கைவிடவில்லை. மெசாவில் அந்தக் குடும்பத்துக்கான டிரைவர் தொடர்ந்து வாழ்ந்தது. 2023-லும் ஒரு ஆர்வலர் அதற்கு மேம்பாடுகள் எழுதிச் சேர்த்தார். கம்பெனி கைகழுவி பதினாலு வருஷம் கழிச்சு! தன்கிட்ட அந்தக் கார்டு இருக்கு, டிரைவரைத் திருத்த முடியும் என்கிற இரண்டே காரணம் போதும். யார் கிட்டயும் பர்மிஷன் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. 2016-ல் வல்கன் என்கிற புதிய கிராஃபிக்ஸ் தொழில்நுட்பம் வந்தபோது, ஏ.எம்.டி. தன் வல்கன் டிரைவரை லினக்ஸில் திறந்து விடத் தாமதம் செய்தது. டேவ் ஏர்லி, பாஸ் நியூவென்ஹைசன் என்ற இரண்டு பேர் காத்திருக்கவில்லை. இரண்டு பேருமே ஏ.எம்.டி. ஆட்கள் இல்லை. தாங்களே 'ராட்வி' என்று ஒன்றை எழுத ஆரம்பித்தார்கள். ஏ.எம்.டி.யின் டிரைவர் 2017 டிசம்பரில் திறந்து வருவதற்குள் ராட்வி ஓடிக்கொண்டிருந்தது. 2022-ல் வால்வ் கம்பெனி விட்ட 'ஸ்டீம் டெக்' என்கிற கையடக்க கேமிங் மெஷினில் உட்கார்ந்ததும் ராட்விதான். க்ளைமாக்ஸ் 2025-ல்... ஏ.எம்.டி. தன் சொந்தத் திறந்த வல்கன் டிரைவரை நிறுத்திவிட்டு, ராட்விக்கே ஆதரவு என்று அறிவித்தது. வாத்தியார் தன் நோட்ஸைத் தூக்கி வெச்சுட்டு, பசங்க எழுதின நோட்ஸையே பாடமா நடத்தின கதை இது!

விரல் காட்டிய லினஸ்

என்விடியா பக்கம் அவ்வளவு சுலபமா விடியலை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் பேச வந்தார். 1991-ல், 21 வயது மாணவனாக இருந்தபோது லினக்ஸைத் தொடங்கிய அதே லினஸ். பார்வையாளர்களில் ஒரு பெண் எழுந்து, தன் லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்புகளும் லினக்ஸில் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்யாததைச் சொல்லி, என்விடியா உதவவில்லையே என்று கேட்டார். லினஸ் கேமராவைப் பார்த்துத் திரும்பி, என்விடியாவுக்கு ஒரு விரலைக் காட்டினார். எந்த விரல்னு நாங்க சொல்ல மாட்டோம். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

ஆனா, விரலுக்கெல்லாம் பூட்டு திறக்குமா? 2014-ல் ஜி.டி.எக்ஸ். 970, 980 கார்டுகளோடு பூட்டு இன்னும் கெட்டியாச்சு. சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற குட்டி சாஃப்ட்வேரில் என்விடியாவின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கணும். இல்லைன்னா சிப் அதை முக்கியமான வேலைகளுக்குச் சேர்த்துக்காது. 2016-ல் சில கையெழுத்திட்ட ஃபர்ம்வேர்களைக் கொடுத்தாங்க. ஆனா, சிப்பின் வேகத்தைக் கூட்டுவதற்கானது மட்டும் அதில் இல்லை!

புரியுதா? நூவோ கூட்டம் ஆறு வித்தியாசத்தில் ஜெயிச்சு, டிரைவர் எழுதி, படமும் வரவழைச்சாச்சு. ஆனா, கார்டு பவர் ஆன் ஆகும்போது இருக்கிற ஆரம்ப வேகத்திலேயே உருளும். ஐந்தாம் கியர் உள்ள பைக்கை ஆயுசுக்கும் முதல் கியரிலேயே ஓட்டுன்னு சொன்னா எப்படி? மூளையால் திறக்க முடியாத பூட்டு இதுதான். சாவி கையெழுத்தில் இருந்தது.

நியாயமாச் சொல்லணும்னா, என்விடியாவின் மூடிய டிரைவர் மொக்கை இல்லை. கேமிலும், ஏ.ஐ. படிக்கிறவங்க உயிர்நாடியான கூடாவிலும் அது பின்னி எடுக்கும். பிரச்னை அதன் தரம் இல்லை, தேதி. எப்போ நிறுத்துவாங்கன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. லினக்ஸ் கெர்னல் சில வாரங்களுக்கு ஒருமுறை உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திறந்த டிரைவரை, மாற்றம் செய்கிறவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே நிற்கும் மூடிய டிரைவரை அதன் முதலாளிதான் திருத்தணும். அவர் நிறுத்திட்டார்னா, ஏதோ ஒரு அப்டேட்டில் உங்க திரை கறுப்பு.

பழைய கதை இல்லை பாஸ். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் ஸ்டூடன்ட்ஸின் செல்லமான ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ, 1060 கார்டுகளுக்கு 580-வது வரிசை டிரைவர்தான் கடைசி என்று என்விடியா 2025-ல் சொல்லிவிட்டது. அந்த வரிசைக்குக் கொஞ்ச காலம் திருத்தங்கள் வரும். அதுக்கப்புறம்? நூவோ பக்கம் போகலாம்னா, இந்தக் கார்டுகளும் முதல் கியர் கேஸ்தான். ரெண்டு கதவுக்கும் நடுவுல மாட்டின தலைமுறை இது.

புதிய கார்டுகளுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கு. 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பாதியைத் திறந்த கோடாக வெளியிட்டது. 2018-ல் வந்த டூரிங் குடும்பத்திலிருந்து ஆரம்பித்து அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கு மட்டும். இந்தக் கார்டுகளில் வேகக் கட்டுப்பாட்டை எல்லாம் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு தனி பிராசஸர் பார்த்துக்கொள்ளும். அதற்கான கையெழுத்திட்ட ஃபர்ம்வேரை நூவோவும் பயன்படுத்தலாம் என்றானதும், 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-ல் முதல் கியர் சாபம் தீர்ந்தது. மேல்பாதிக்கு ஃபெயித் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் 'என்விகே' என்ற வல்கன் டிரைவர் மெசாவில் எழுந்து, 2024-ல் வல்கன் 1.3 தகுதித் தேர்வில் பாஸும் ஆயிடுச்சு. நூவோவை வருஷக்கணக்கில் தாங்கிப் பிடித்த பென் ஸ்கெக்ஸ் 2023-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி, 2024-ல் எங்கே வேலைக்குச் சேர்ந்தார் தெரியுமா? என்விடியாவில்! அங்கே உட்கார்ந்து நூவோவுக்கே கோடு அனுப்பினார். விதி வலியது!

ஆனா முழு வெற்றின்னு விசில் அடிச்சிடாதீங்க. என்விடியாவின் சொந்த டிரைவரில் மேல்பாதி இன்னும் மூடியேதான் இருக்கு. இன்றைய திறந்த டிரைவர்கள் பலவற்றுக்கு அடியில், ஏ.எம்.டி., இன்டெல் உள்பட, ஃபர்ம்வேர் மூடியதுதான். பீரோ திறந்தாச்சு, உள்ளே ஒரு லாக்கர் பாக்கி இருக்கு.

ஸ்கூல் பேக்கோடு வந்த டிரைவர்

'இதெல்லாம் பெரிய மூளைக்காரங்க வேலை, எனக்கு செமஸ்டர் அரியரே மூணு இருக்கு' என்கிறீர்களா? அப்ப அலிஸா ரோசன்ஸ்வைக் கதையைக் கேட்டே ஆகணும்.

ஏராளமான மொபைல்களில் இருக்கும் மாலி என்ற கிராஃபிக்ஸ் டிசைனுக்குத் திறந்த டிரைவர் எழுதும் வேலையில் இறங்கியபோது, அலிஸா பள்ளிக்கூட மாணவி! அந்த முயற்சி 'பான்ஃப்ராஸ்ட்' என்ற பெயரில் 2019-ல் லினக்ஸ் கெர்னலிலும் மெசாவிலும் சேர்ந்தது.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப் மேக் கம்ப்யூட்டர்களை விட்டது. கிராஃபிக்ஸ் நோட்ஸ்? மூச்! மேக்கில் லினக்ஸ் ஓட்டக் கிளம்பிய கூட்டம் தன் திட்டத்துக்கு 'அசாஹி' என்று பேர் வைத்தது. மெக்கின்டாஷ் ஆப்பிள் பழத்துக்கு ஜப்பானில் அதுதான் பேர். அப்போ கல்லூரி மாணவியாகிவிட்ட அலிஸா, 2021 ஜனவரியில், ஆராய ஆரம்பித்து ஒரு மாசத்துக்குள் எம்1 சிப்பில் தன் சொந்தக் கோடை வைத்து ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரே ஒரு முக்கோணம்! டிரைவர் எழுதுகிறவங்களுக்கு அதுதான் குழந்தையின் முதல் அழுகை.

கெர்னல் பாதியை எழுதியவர் இன்னும் ரகளை. 'அசாஹி லினா' என்ற பேரில், அனிமே பொம்மை உருவத்தோடு யூடியூபில் லைவாக வந்து, ரஸ்ட் மொழியில் டிரைவர் எழுதிக் காட்டினார் 2022-ல். கோடிங்கை கிரிக்கெட் மேட்ச் மாதிரி ஜனங்க உட்கார்ந்து பார்த்தாங்க!

முடிவு என்ன தெரியுமா? 2024 பிப்ரவரியில் இந்தத் திறந்த டிரைவர் ஓப்பன்ஜிஎல் 4.6-க்கான தகுதித் தேர்வில் தேறியது. ஆப்பிளின் சொந்த மேக் ஓஎஸ்ஸில் ஓப்பன்ஜிஎல் 4.1-லேயே நின்றுவிட்டது. சிப்பைச் செய்த கம்பெனியைவிட, நோட்ஸே இல்லாமல் ஆரம்பித்த கூட்டம் அதில் ஒரு படி மேலே! 2025-ல் அலிஸா அசாஹி வேலையை முடித்துக்கொண்டு இன்டெல்லில் சேர்ந்தார். கேம்பஸ் இன்டர்வியூவில் இதைவிட வெயிட்டான ரெஸ்யூம் பார்த்திருக்கீங்களா?

உங்க பாக்கெட்டுக்குள்ளயும் இருக்கு

'நான் லினக்ஸே யூஸ் பண்றதில்லையே' என்றால், உங்க ஆண்ட்ராய்டு போனைக் கொஞ்சம் பாருங்க. அதன் அடித்தளமே லினக்ஸ் கெர்னல்தான். ஸ்னாப்டிராகன் போனில் எமுலேட்டர் போட்டு கேம் ஆடுற ஃப்ரெண்ட்கிட்ட 'டர்னிப் டிரைவர்' என்று சொல்லிப் பாருங்க, முகம் பிரகாசமாகும். கம்பெனி டிரைவரில் கோணல்மாணலாகத் தெரியும் சில கேம்கள் இதில் நேராகும். அந்த டர்னிப் எங்கே பிறந்தது? மெசாவில்! ராப் கிளார்க் என்பவர் 2012-ல் ஓய்வு நேரத்தில், அதே ஆறு வித்தியாச டெக்னிக்கில் தொடங்கிய 'ஃப்ரீட்ரீனோ' என்ற திட்டத்தின் வாரிசு அது.

பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கு. அண்ணன் படிச்சு முடிச்ச லேப்டாப், தங்கைக்குப் போய், அப்புறம் ஊரில் தம்பிக்குப் போகிற வீடு நம்முடையது. மெஷின் உழைக்கத் தயாராக இருக்கும். டிரைவர் நின்றால் மெஷினும் குப்பை. அடுத்த தடவை லேப்டாப்போ கார்டோ வாங்கும்போது 'எத்தனை ஜி.பி.?' என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. 'இதுக்குத் திறந்த டிரைவர் இருக்கா?' என்றும் தேடிப் பாருங்க. அந்தக் கேள்விக்குப் பதில் 'ஆமா' என்றால் ஆயுசு கெட்டி!

நீங்களும் குதிக்கலாமா?

தாராளமா! சின்னச் சின்ன படிகள்தான்.

முதல் படி, உங்க டிரைவரோட பேரைக் கேளுங்க. லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் 'எல்எஸ்பிசிஐ' என்று சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, ஒரு சின்னக் கோடும் 'கே' எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்க. கிராஃபிக்ஸ் சிப்பின் பேரும், அதை எந்த டிரைவர் ஓட்டுகிறது என்பதும் வந்து விழும். நூவோவா, ஏஎம்டிஜிபியூவா, ஐ915-ஆ, என்விடியாவா... தெரிஞ்சுடும்.

ரெண்டாவது படி, குறை சொல்லக் கத்துக்குங்க. 'வேலை செய்யலை' என்று புலம்பினால் யாருக்கும் லாபமில்லை. என்ன சிப், எந்த கெர்னல், எந்த மெசா, என்ன செய்தபோது என்ன ஆச்சு, முன்பு எந்த வெர்ஷனில் சரியாக இருந்தது... இதை எழுதினால் அது பாதி மருந்து. கோடு எழுதவே வேண்டாம், இதுவே பெரிய பங்களிப்பு.

மூணாவது படி, சி மொழியும் கொஞ்சம் பொறுமையும். கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியில் 'செய்ய வேண்டிய வேலைகள்' பட்டியலே போட்டு, எது புதுசா வர்றவங்களுக்கு ஏத்ததுன்னு லெவலும் எழுதி வெச்சிருக்காங்க. கார்டு வாங்கக் காசில்லையா? 'விகேஎம்எஸ்' என்று ஹார்டுவேரே இல்லாத ஒரு பொய் டிஸ்ப்ளே டிரைவர் கெர்னலில் இருக்கு. 2018-ல் அதை வளர்த்து எடுத்ததே பயிற்சித் திட்டங்களில் வந்த இரண்டு இளசுகள்தான். டிரைவர் எப்படி யோசிக்கும் என்று அதில் பழகலாம்.

நாலாவது படி, சம்பாதிக்கவும் செய்யலாம். கூகுளின் 'சம்மர் ஆஃப் கோட்' 2005-லிருந்து நடக்குது. இந்த டிரைவர் குடும்பத்துக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்.ஆர்க் அமைப்பு மாணவர்களுக்கென்றே உதவித்தொகையோடு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. பேரைக் கேளுங்க... 'எண்ட்லெஸ் வெகேஷன் ஆஃப் கோட்'. முடிவே இல்லாத லீவு! நம்ம பசங்களுக்குன்னே வெச்ச பேர் மாதிரி இல்லை?

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இந்தக் கதையில் வந்த யாரும், 'நோட்ஸ் வரட்டும், அப்புறம் படிக்கலாம்' என்று உட்காரலை. கையில் இருந்ததை வைத்து, ஒரு சிவப்பு முக்கோணத்துக்கும் நீல முக்கோணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினாங்க. ஒரு எண் மாட்டினது. அப்புறம் இன்னொண்ணு.

நீங்க சின்ன வயசுல ஆறு வித்தியாசத்தில் அஞ்சு கண்டுபிடிச்சு, ஆறாவதுக்காக விடையைத் திருப்பிப் பார்த்த ஆளா? இங்கே விடை கடைசிப் பக்கத்துல தலைகீழா அச்சடிச்சிருக்காது. நீங்கதான் அச்சடிக்கணும். அடுத்த முக்கோணம் உங்களுது!